மருந்துச் சீசாவின் மேல் ஒரு சொல்

உங்கள் தாத்தா பாட்டியிடம் பழைய அரசு மருத்துவமனையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மருந்து வாங்கப் போகும்போது வீட்டிலிருந்தே காலிச் சீசாவைக் கழுவி எடுத்துச் செல்வார்களாம். கம்பவுண்டர் ஒரு பெரிய ஜாடியிலிருந்து இளஞ்சிவப்பு நிறத் திரவத்தை அதில் ஊற்றுவார். சீசாவின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய ஒரு காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளைக்கு. அவ்வளவுதான். மருந்தின் பெயர் என்ன, அதில் என்ன கலந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சீசாவில் இராது. மக்கள் அதைச் 'சிவப்புத் தண்ணீர்' என்று சொல்லிக் குடித்தார்கள்.

இன்று உங்கள் வீட்டு அலமாரியில் உள்ள இருமல் மருந்தை எடுத்துப் பாருங்கள். சீசாவைச் சுற்றிலும் பொடி எழுத்துகள்! பெயர், கலவை, அளவு, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், உரிம எண், எச்சரிக்கை. இவற்றை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இந்த எழுத்துகள் சும்மா வந்துவிடவில்லை. பல உயிர்களை விலையாகக் கொடுத்த பிறகே அவை சீசாவின் மேல் ஏறின. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

கண்ணுக்குத் தெரிவது என்ன?

முதலில் சீசாவுக்குள் இருப்பதைக் கவனிப்போம். திரவ மருந்துகள் எல்லாம் ஒரே வகை அல்ல.

நீரில் உப்பைப் போட்டுக் கலக்கினால் உப்பு மறைந்துவிடுகிறது. நீர் தெளிவாகவே இருக்கிறது. இது கரைசல். பல இருமல் மருந்துகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அரிசி மாவை நீரில் கலக்கினால் சிறிது நேரத்தில் மாவு அடியில் தங்கிவிடுகிறது. இது தொங்கல். குழந்தைகளுக்குக் கொடுக்கும் பல மருந்துகள் இவ்வகையின. 'குலுக்கிய பின் பயன்படுத்தவும்' என்று அவற்றின் மேல் எழுதியிருப்பது இதனால்தான். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் கொடுக்கும் கரண்டியில் மருந்து குறைவாகவும், கடைசி நாள் கொடுக்கும் கரண்டியில் அளவுக்கு மிஞ்சியும் இருக்கும். எண்ணெயும் நீரும் நுண்துளிகளாகக் கலந்து பால்போல் இருப்பது பால்மம். சர்க்கரைப் பாகில் மருந்தைக் கரைத்தால் அது சிரப். சாராயத்தில் கரைத்தால் டிங்சர். சாராயமும் நீரும் இனிப்பும் சேர்ந்த கரைசலுக்கு மேனாட்டு மருந்தாளர்கள் வைத்த பெயர் 'எலிக்சிர்'. இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

சரி, நிறமும் மணமும் எதற்கு? பெரும்பாலும் அவை கசப்பை மறைக்கவும், குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கவும் சேர்க்கப்படுபவை. சிவப்பாக இருப்பதால் ஒரு மருந்து வீரியமானதும் அன்று. நிறமற்றிருப்பதால் வீரியமற்றதும் அன்று. தெளிவாக, இனிப்பாக, மணமாக இருப்பதால் அது நல்ல மருந்து என்றும் சொல்லிவிட முடியாது. கண், மூக்கு, நாக்கு ஆகிய மூன்றும் இங்கே நம்மைக் கைவிட்டுவிடுகின்றன. இந்த உண்மையை உலகம் 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் கற்றுக்கொண்டது.

புதிய மருந்து, பழைய தொல்லை

பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலம் அது. தொண்டைப் புண் முற்றினாலும், பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டாலும், மருத்துவர்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு. 1935ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் டோமாக், பிரான்டோசில் என்ற சிவப்புச் சாயப் பொருள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை அடக்குகிறது என்று அறிவித்தார். அதே ஆண்டில் பாரிசிலுள்ள பாஸ்டர் நிலைய அறிஞர்கள் மற்றோர் உண்மையைக் கண்டனர். பிரான்டோசில் உடலுக்குள் உடைகிறது. அதிலிருந்து வெளிவரும் சல்ஃபானிலமைடு என்ற வெண்ணிறப் பொருள்தான் உண்மையில் வேலை செய்கிறது!

சல்ஃபானிலமைடின் புகழ் விரைந்து பரவியது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் மகன் கடுமையான தொண்டை நோயிலிருந்து இவ்வகை மருந்தால் பிழைத்தபோது, செய்தித்தாள்கள் எல்லாம் அதைப் பற்றி எழுதின.

மருந்து மாத்திரையாகவும் தூளாகவும் கிடைத்தது. ஆனால் குழந்தைகளால் மாத்திரையை விழுங்க முடியுமா? மேலும் அமெரிக்காவின் தென் மாநில மக்கள் திரவ மருந்தையே விரும்பினர். சல்ஃபானிலமைடோ நீரில் எளிதில் கரையாது. சாராயத்திலும் நன்றாகக் கரையவில்லை. மருந்து இருக்கிறது, அதைக் கரைக்கும் கரைப்பான்தான் இல்லை.

மூன்று சோதனைகள்

டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் எஸ். ஈ. மாசென்கில் என்ற மருந்துக் கம்பெனி இருந்தது. அதன் தலைமை வேதியியலாளர் ஹரோல்டு வாட்கின்ஸ் பல திரவங்களைச் சோதித்து, டைஎத்திலீன் கிளைக்காலில் சல்ஃபானிலமைடு நன்றாகக் கரைவதைக் கண்டார். இது நிறமற்றது, கிளிசரின் போலக் கொழகொழப்பானது, நாக்குக்கு இனிப்பானது. ராஸ்பெரிப் பழச் சுவையும் சிவப்பு நிறமும் சேர்த்ததும் கண்ணைக் கவரும் ஒரு மருந்து உருவாயிற்று.

கம்பெனியின் ஆய்வுக்கூடம் அதைச் சோதித்தது. எப்படித் தெரியுமா? தோற்றம் நன்றாக இருக்கிறதா? மணம் நன்றாக இருக்கிறதா? சுவை நன்றாக இருக்கிறதா? மூன்றிலும் மருந்து தேறிவிட்டது! உயிருக்குத் தீங்கு செய்யுமா என்ற நான்காவது கேள்வியை எவரும் கேட்கவில்லை. ஓர் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. கிளைக்கால்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்னும் ஆய்வுக் குறிப்புகள் அதற்கு முன்பே வெளியாகியிருந்தும் அவற்றை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

சீசாவின் மேல் 'எலிக்சிர் சல்ஃபானிலமைடு' என்று லேபிள் ஒட்டினார்கள். மொத்தம் 240 காலன், அதாவது சுமார் 908 லிட்டர் தயாராயிற்று. 1937 செப்டம்பர் தொடக்கத்தில் 633 சரக்குகளாக அது நாடெங்கும் புறப்பட்டது.

துல்சாவிலிருந்து வந்த செய்தி

அக்டோபர் மாதம் ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகர மருத்துவர்கள் திடுக்கிட்டனர். தொண்டைப் புண்ணுக்கு மருந்து சாப்பிட்ட குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. வயிற்று வலி, வாந்தி, மயக்கம், வலிப்பு, பின்பு மரணம். இறந்தவர்கள் அனைவரும் அந்த ராஸ்பெரிச் சுவை மருந்தைக் குடித்தவர்கள்.

அவர்கள் அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்கு எழுதினர். இந்த மருந்தில் என்ன இருக்கிறது? சங்கத்துக்கும் தெரியவில்லை. லேபிளிலும் இல்லை. கம்பெனியைக் கேட்ட பிறகே கரைப்பானின் பெயர் தெரிந்தது. சங்கத்தின் ஆய்வுக்கூடம் பரிசோதித்து, குற்றவாளி சல்ஃபானிலமைடு அன்று, டைஎத்திலீன் கிளைக்காலே என்று காட்டியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கெய்லிங்கின் குழுவினர் விலங்குகளில் செய்த ஆய்வும் அதையே உறுதிப்படுத்தியது.

இந்தத் திரவம் உடலில் என்ன செய்கிறது? கல்லீரலில் அது படிப்படியாக மாறி டைகிளைக்காலிக் அமிலமாகிறது. இவ்வமிலம் சிறுநீரகத்தின் நுண்குழல்களில் உள்ள செல்களைக் கொல்கிறது. வடிகட்டி அடைபட்டதும் உடலின் கழிவுகள் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. சில நாள்கள் கழித்தே ஆபத்து வெளிப்படும். அதற்குள் தாய் மேலும் பல கரண்டி மருந்தைத் தன் கையாலேயே புகட்டியிருப்பாள்.

மகளைப் பறிகொடுத்த துல்சா தாய் ஒருவர் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். தன் மகள் பட்ட வேதனையை விவரித்து, இப்படிப்பட்ட மருந்துகள் இனி விற்கப்படாமல் தடுக்குமாறு வேண்டினார். ஒரு வீட்டில் பிள்ளையைக் காத்த அதே மருந்து, மற்றொரு வீட்டில் பிள்ளையைக் கொண்டுபோனது. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு, அது எதில் கரைக்கப்பட்டிருந்தது என்பதுதான்.

சீசா வேட்டை

அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறையில் அப்போது 239 ஆய்வாளர்களும் வேதியியலாளர்களும் இருந்தனர். ஏறக்குறைய எல்லோருமே இந்த வேட்டையில் இறங்கினார்கள். கம்பெனி முதலில் கொடுத்த தந்தியில் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள் என்று மட்டும் இருந்தது. ஏன் என்று இல்லை. அரசு வற்புறுத்திய பிறகே, மருந்து உயிருக்கு ஆபத்தானது என்று இரண்டாவது தந்தி போயிற்று.

ஆய்வாளர்கள் கடை கடையாக ஏறி விற்பனைச் சீட்டுகளைப் புரட்டினர். கம்பெனியின் விற்பனையாளர்களைத் தேடிப் பிடித்தனர். டெக்சாஸில் ஒரு விற்பனையாளர் விவரம் சொல்ல மறுத்ததால் அவரைச் சிறையில் வைக்க நேர்ந்தது. ஒரு பெண்மணி மருந்தை அழித்துவிட்டதாகச் சொன்னார். எப்படி அழித்தீர்கள் என்று கேட்டபோது, சன்னல் வழியே சந்தில் வீசியதாகச் சொன்னார். ஆய்வாளர்கள் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். சீசா உடையாமல், லேபிளோடு, ஒரு குழந்தையைக் கொல்லப் போதுமான மருந்தோடு அங்கே கிடந்தது!

இவ்வாறு 240 காலனில் 234 காலனுக்குச் சற்று மேல் மீட்கப்பட்டது. மீதியை மக்கள் குடித்திருந்தனர். கணக்கிட்டால் அது சுமார் 22 லிட்டர். இரண்டு குடம் தண்ணீர்கூட இல்லை. அந்த அளவுக்கே 15 மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முழுவதும் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

குற்றம் என்ன?

இப்போது சட்டத்திடம் வருவோம். இத்தனை பேரைக் கொன்ற மருந்தை எந்தச் சட்டத்தின் கீழ் பறிமுதல் செய்வது?

அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டு முதல் ஒரு மருந்துச் சட்டம் இருந்தது. கலப்படம் கூடாது, லேபிளில் பொய் கூடாது என்று அது கூறியது. மருந்து தீங்கற்றது என்று விற்பதற்கு முன் நிரூபிக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. விஷத்தை விற்றதற்காக இந்தக் கம்பெனியின் மீது வழக்குத் தொடர முடியவில்லை!

அதிகாரிகள் சட்டத்தைத் துருவினர். ஒரே ஒரு சொல் அகப்பட்டது. 'எலிக்சிர்' என்றால் அதில் சாராயம் இருக்க வேண்டும். இந்த மருந்தில் சாராயம் ஒரு துளியும் இல்லை. ஆகவே லேபிள் பொய் சொல்கிறது! தவறான பெயரிட்ட குற்றத்துக்காகவே சீசாக்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அந்தக் குற்றத்துக்காகவே கம்பெனிக்கு 26,100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. லேபிளில் 'எலிக்சிர்' என்பதற்குப் பதிலாகக் 'கரைசல்' என்று போட்டிருந்தால் அந்தக் குற்றமும் இல்லாமல் போயிருக்கும். சீசாக்களைக் கைப்பற்ற அரசுக்கு வழியே இருந்திராது. கம்பெனியின் உரிமையாளர் தங்கள் மீது பொறுப்பு எதுவும் இல்லை என்றே கூறினார். வாட்கின்ஸால் அப்படிக் கூற முடியவில்லை போலும். வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

புதிய மருந்துச் சட்டத்துக்கான மசோதா ஒன்று 1933 முதல் அமெரிக்கக் காங்கிரசில் இழுபறியாகக் கிடந்தது. ஐந்து ஆண்டுகளாக நகராத அது இந்த மரணங்களுக்குப் பிறகு நகர்ந்தது. 1938 ஜூன் 25ஆம் நாள் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். இனி எந்தப் புதிய மருந்தானாலும் விற்பதற்கு முன்பே தீங்கற்றது என்று காட்ட வேண்டும். லேபிளில் பயன்படுத்தும் முறையும் எச்சரிக்கையும் இருக்க வேண்டும்.

இதன் பயன் 22 ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. சிகாகோவில் கெய்லிங்கின் ஆய்வில் மாணவியாக உதவிய ஃபிரான்சிஸ் கெல்சி, 1960இல் உணவு மருந்துத் துறையில் அதிகாரியாக அமர்ந்தார். தாலிடோமைடு என்ற மருந்தை விற்க அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தது. சான்றுகள் போதா என்று கூறி அவர் அனுமதியை நிறுத்தி வைத்தார். ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கை கால் ஊனமாகப் பிறக்கச் செய்த மருந்து அது!

நம் நாட்டில் கர்னல் சோப்ரா தலைமையில் 1930இல் அமைந்த குழு மருந்துகளின் தரக்கேட்டை ஆராய்ந்தது. 1940இல் மருந்துச் சட்டம் வந்தது. உங்கள் சீசாவிலுள்ள தொகுதி எண்ணும் உரிம எண்ணும் அச்சட்டத்தின் விதிகளால் வந்தவையே.

பீப்பாயின் மேல் பொய்

சட்டம் வந்தது, விஷம் போய்விட்டதா? இல்லை.

கிளிசரின் நல்ல பொருள். மருந்துகளில் காலங்காலமாகச் சேர்க்கப்படுவது. டைஎத்திலீன் கிளைக்காலும் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். இனிப்பும் அதைப் போலவே. ஆனால் விலை மலிவு. ஆகவே பேராசைக்காரரும் அலட்சியக்காரரும் ஒன்றின் பீப்பாயில் மற்றொன்றை விற்றுவிடுகின்றனர். வாயு வண்ணப்பிரிகை போன்ற ஆய்வுக்கூட முறைகளால் இரண்டையும் பிரித்தறியலாம். ஆனால் சோதித்தால்தானே?

1986இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில், நோயாளிகளுக்குக் கொடுத்த கிளிசரினில் இந்த விஷம் இருந்ததால் 14 பேர் இறந்தனர். நீதிபதி லென்டின் ஆணையம் விசாரித்து, வாங்கியதிலும் சோதித்ததிலும் நடந்த முறைகேடுகளை வெளிப்படுத்தியது. 2006இல் பனாமா நாட்டுக்கு 46 பீப்பாய்கள் வந்தன. சீனாவில் புறப்பட்டு, ஸ்பெயினின் பார்சிலோனா வழியாக வந்தவை அவை. ஒவ்வொரு வணிகரும் காகிதத்தில் தம் பெயரைப் போட்டுக் கை மாற்றினார். ஒருவரும் பீப்பாயைத் திறந்து சோதிக்கவில்லை. கிளிசரின் என்று நம்பி அரசு ஆய்வுக்கூடமே அதை இருமல் மருந்தில் கலந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தனர். அவர்களுக்குக் கொடுத்த மருந்து இந்தியாவில் தயாரானது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, அந்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே தயாரானது என்று தெரிய வந்தது. தமிழக அரசின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கத்தக்க அளவோ 0.1 சதவீதம்! சீசாவின் லேபிளில் அதன் பெயர் இல்லை.

லேபிள் என்பது ஒரு வாக்குறுதி. அந்த வாக்கின் பின்னால் ஒரு சோதனை இருக்க வேண்டும். சோதனை இல்லாத லேபிள் வெறும் காகிதம். 1937இல் மணத்தையும் சுவையையும் பார்த்துத் திருப்தியடைந்தவர்களுக்கும், பீப்பாயின் மேல் எழுதியதைப் பார்த்துத் திருப்தியடைந்தவர்களுக்கும் என்ன வேறுபாடு?

லேபிளைப் படித்தவர்

அப்படியானால் லேபிளைப் படிப்பதால் பயனே இல்லையா? பனாமாவிலேயே அதற்கு விடை இருக்கிறது.

பீப்பாய் விபத்துக்கு மறு ஆண்டு, 2007 மே மாதம், பனாமா நகரக் கடை ஒன்றில் ஓர் அரசு ஊழியர் சாமான் பார்த்துக்கொண்டிருந்தார். மலிவு விலைப் பற்பசைக் குழாய் ஒன்றின் மேல் இருந்த பொடி எழுத்துகளை அவர் படித்தார். அதில் 'டைஎத்திலீன் கிளைக்கால்' என்று வெளிப்படையாகவே அச்சிட்டிருந்தது! ஓராண்டாகச் செய்தித்தாள்களில் பார்த்த பெயர் அல்லவா? அவர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. பற்பசையை வாங்கினார், விடுப்பு எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிப் புகார் கொடுத்தார். விளைவு என்ன? பல நாடுகளில் அத்தகைய பற்பசைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பெட்டிகள் எத்தனையோ துறைமுகங்களைக் கடந்து வந்தவை. வழியில் யாரும் படிக்காததை ஒரு வாடிக்கையாளர் படித்தார்.

உங்கள் கையில் உள்ள சீசா

நீங்கள் வேதியியல் சோதனை செய்ய முடியாது. ஆனால் சில காரியங்கள் உங்களால் ஆகும். மருந்தின் பெயரையும் வலிமையையும் மருத்துவர் எழுதிய சீட்டோடு ஒப்பிடுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தெளிவாக இருந்த கரைசல் கலங்கியிருந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ பயன்படுத்தாதீர்கள். மருந்தை வேறு சீசாவுக்கு மாற்றாதீர்கள். பெயரில்லாச் சீசா எவ்வளவு அழகாக இருந்தாலும் அதிலிருந்து ஒரு துளியும் குடிக்காதீர்கள். ஒரு மருந்து ஆபத்தானது என்று அரசு அறிவிக்கும்போது தொகுதி எண்ணையும் சொல்வார்கள். ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் சீசாவில் லேபிள் இருக்க வேண்டும்.

அதற்காகவே மருத்துவமனைச் செவிலியருக்குத் திரவ மருந்தை ஊற்றும் முறையைச் சொல்லிக் கொடுக்கும்போது ஒன்றை வற்புறுத்துவார்கள். சீசாவைப் பிடிக்கும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் வழியும் மருந்து எதிர்ப்பக்கமாக ஓடும்; எழுத்து அழியாது. இன்று இரவு உங்கள் வீட்டில் யாருக்காவது மருந்து ஊற்ற நேர்ந்தால், முதலில் எழுத்தைப் படியுங்கள். பிறகு அதை உள்ளங்கைக்குள் வைத்து ஊற்றுங்கள்.